எலும்பு கட்டும் கலை: திருமுக்கூடல், குர்துபா, புத்தூர்

நம் மானாம்பதிப் பக்கத்தில் யாரேனும் மரத்திலிருந்தோ இரு சக்கர வண்டியிலிருந்தோ விழுந்து கை கால் முறிந்து கிடந்தால், 108க்குச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "நேரா புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." இன்னொரு குரல், "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிதான் சரி" என்னும். வாதம் வளரும், அடிபட்டவர் அங்கேயே வலியில் துடித்துக்கொண்டிருப்பார். இடையில் பெரியவர் ஒருவர் மார்க்கத்தையும் வாதத்துக்குள் இழுத்துவிடுவார். "நம்ம முன்னோரெல்லாம் கட்டுப் போட்டே பிழைச்சாங்க, கத்தி வைக்கிறதுக்கு ஏன் ஓடணும், அல்லாஹ் மேல தவக்குல் வைங்க" என்பார்.

முன்னோரின் பெயரால் பேசப்படுவதால், எலும்பு முறிந்தபோது அந்த முன்னோர் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நமக்கு நல்லது. அதற்கு நெடுந்தூரம் போகவும் வேண்டியதில்லை. நம் உத்திரமேரூர் வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசும் நாம், அதே வட்டத்தில் உள்ள இவ்வூரின் கல்வெட்டை அவ்வளவாக நினைப்பதில்லை. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. 1068ஐ ஒட்டிய காலத்தது அது. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் தங்கும் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயரில் ஓர் ஆதுலசாலையும் அங்கு நடந்துவந்தன. ஆதுலசாலை என்பது நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் இடம். இன்றைய சொல்லில் மருத்துவமனை. படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர் ஒருவர். அவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர், இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு. இவ்வளவுக்கும் தனித்தனியே நெல்லும் காசும் எண்ணெயும் ஒதுக்கிக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். கத்தி பிடிப்பவருக்கு வைத்தியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு நெல்தான் என்பதை இன்றைய அறுவை மருத்துவர்கள் படித்தால் என்ன சொல்வார்களோ!

அந்த ஆதுலசாலையில் ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் சாசனத்தில் உண்டு. சுமார் இருபது மருந்துகள். அவற்றுள் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய தைலம் ஒன்று. சிற்றாமுட்டியும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் மற்றொன்று. இவ்வகைத் தைலங்கள் இன்றும் மூட்டு வலிக்கும், தசைப் பிடிப்புக்கும், வாத நோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் கையாள்பவையே. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தில் ஒரு மாணவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தால், கணக்கெழுதிக் காய்ச்சிவைத்த தைலம் அவனுக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. கோயில் பணியாளருக்கும் அங்குப் படித்தவருக்கும் உரியதாகவே அந்தச் சாலை இருந்தது. ஏரிக்கரையில் வழுக்கி விழுந்த உழவனுக்கு அதன் கதவு திறந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்ள இடமில்லை.

அந்த நூற்றாண்டை ஒட்டித்தான் நம் சமுதாயத்தின் இரு பெரும் மருத்துவர்களும் வாழ்ந்தார்கள். ஸ்பெயினின் குர்துபா அருகே, மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்). 1013ஐ ஒட்டி மறைந்தவர். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூல் முப்பது பாகங்கள் கொண்டது. இறுதிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். அதன் மூன்றாம் பகுதி முழுவதும் எலும்பு முறிவும் மூட்டு நழுவலும். மற்றவர் இப்னு ஸீனா, 1037இல் மறைந்தார். அவருடைய 'அல்கானூன்' நூலின் நான்காம் புத்தகத்தில் முறிவுக்கும் நழுவலுக்கும் தனிப் பகுதி உண்டு. இவ்விரு நூல்களும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்கள் பல தலைமுறை படித்த பாடமாயின. இந்த அளவோடு பெருமை பேசி நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். அந்நூல்களுக்குள் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

ஸஹ்ராவீ தம் காலத்து எலும்பு கட்டுபவர்கள் மீது கோபத்தோடு எழுதுகிறார். முன்னோரின் நூல்களில் ஒரு பக்கத்தையும் புரட்டிப் பாராதவர்கள் இத்துறையில் கைவைத்துப் பெருமையடித்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குறை. கட்டுப் போட்ட பின் வலி, வீக்கம், அரிப்பு தோன்றினால் உடனே கட்டைத் தளர்த்த வேண்டும் என்கிறார். இப்னு ஸீனாவோ, அடிபட்ட இடத்தில் வீக்கம் தணியும்வரை மரப்பத்தை வைத்து இறுக்குவதைச் சில நாள் தள்ளிப்போடலாம் என்கிறார். இருவருடைய கவலையும் ஒன்றே: எலும்பைச் சேர்க்கப்போய், உயிரோடிருக்கும் தசையைக் கொன்றுவிடக் கூடாது. இந்தக் கவலைக்குச் சற்றுப் பின்னர் திரும்பி வருவோம்.

இத்துறைக்கு அறபியில் 'ஜப்ர்' என்று பெயர். முறிந்ததைச் சேர்த்து முன்போலாக்குதல் என்பது பொருள். எலும்பு கட்டுபவர் 'முஜப்பிர்'; முறிந்த இடத்தில் வைத்துக் கட்டும் பத்தை 'ஜபீரா'. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மீ தம் கணித நூலில் சமன்பாட்டின் குறையை நிறைவாக்கும் முறைக்கும் இதே சொல்லைச் சூட்டினார். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் 'அல்ஜீப்ரா' அதுதான். ஸ்பெயின் மொழியிலோ 'அல்ஹெப்ரிஸ்தா' என்றால் எலும்பு கட்டுபவர். கணிதக்காரர் பிறகே வந்தார். நாம் இரு ஸஜ்தாக்களுக்கிடையே அமர்ந்து கேட்கும் துஆவில் 'வஜ்புர்னீ' என்றொரு சொல் உண்டு. அதன் வேரும் இதுவே. முறிந்த என்னைச் சேர்த்துச் சீராக்கு என்று ஒவ்வொரு ரக்அத்திலும் இறைவனிடம் கேட்கிறோம். 'அல்ஜப்பார்' என்னும் இறைநாமத்துக்கு அடக்கியாள்பவன் என்ற பொருளோடு, உடைந்தோரைச் சேர்த்துச் சீராக்குபவன் என்ற பொருளையும் உலமாக்கள் கூறியுள்ளனர்.

நபி (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்வுகளிலும் முறிவும் சுளுக்கும் வருகின்றன. ஓர் இரவுப் பணிக்குச் சென்ற அப்துல்லாஹ் பின் அதீக் (ரலி) அவர்கள் நிலவொளியில் படியிறங்கும்போது, தரை வந்துவிட்டதென்று எண்ணிக் கால் வைத்து விழுந்துவிட்டார்கள். கால் முறிந்தது. தலைப்பாகையை அவிழ்த்து அக்காலை இறுகச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. பின்னர் நபியவர்கள் தடவிவிட, அது நோயே காணாதது போலாயிற்று. அற்புதத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நாம், அதற்கு முன் அந்த ஸஹாபி தலைப்பாகையால் காலைக் கட்டியதை மறந்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டார்கள். விலாப்புறம் சிராய்த்தது என்று ஓர் அறிவிப்பும், பேரீச்ச மரத்தடியில் விழுந்து பாதம் பிசகியது என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. அந்நாட்களில் அவர்கள் உட்கார்ந்தே தொழுதார்கள்.

உமையாக்கள், அப்பாஸியர் காலத்திலிருந்தே பெரு நகரங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனையில் முறிவுக்கென்றே மருத்துவர் இருந்தனர். மருத்துவமனைகளைவிட நம் கவனத்துக்குரியது வேறொன்று. சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி இருந்தார். பாலில் தண்ணீர் கலக்கிறார்களா, எடைக்கல் சரியா என்று பார்ப்பதைப் போலவே எலும்பு கட்டுபவரையும் அவர் சோதிக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேட்டில் அதற்கான நெறி உள்ளது. பவுலஸ் என்னும் கிரேக்க மருத்துவரின் தொகுப்பு நூலில் ஆறாம் பகுதியை நன்கு கற்றிருக்க வேண்டும். மனித உடலின் எலும்புகள் 248 என்பதையும் ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளவையும் அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று முறிந்தாலோ இடம் மாறினாலோ அதை இருந்தபடி வைக்க முடியும். இதில் தேறாதவருக்கு எலும்பு கட்டும் தொழிலில் அனுமதி இல்லை.

இன்றைய கணக்கில் எலும்புகள் 206. எண்ணிக்கை மாறியிருக்கிறது, தேர்வு வேண்டும் என்ற நெறியோ பழையதே. இதற்கு ஃபிக்ஹில் அடிப்படையும் உண்டு. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் கேடு விளைந்தால் அவரே ஈடு செய்யும் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. 'நல்ல மனசோடதானே செஞ்சார்' என்று நாம் சொல்லி விட்டுவிடும் இடத்தில், நம் சட்ட நூல்கள் அப்படி விடவில்லை.

இன்னொருவரையும் சொல்லாமல் இப்பகுதியைக் கடக்க மனமில்லை. பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162–1231) எகிப்தில் இருந்தபோது கொடும் பஞ்சம் வந்தது. கெய்ரோவுக்கு வெளியே எலும்புக்கூடுகள் மேடாகக் கிடந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் இணைந்தது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் அதையே படித்துவந்தனர். அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்து, எதிலும் இணைப்பைக் காணாமல், கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று எழுதினார். ஜாலீனூஸை மதிக்கிறேன், ஆயினும் கண்ணால் கண்டது அவரைவிட நம்பத்தக்கது என்ற கருத்தையும் உடன் சேர்த்தார். முன்னோரைப் பின்பற்றுவது என்றால் இவரையும் பின்பற்ற வேண்டும் அல்லவா?

இனிப் புத்தூருக்கு வருவோம். ஆந்திரத்தின் புத்தூர் நமக்கு அந்நிய ஊரன்று. அரக்கோணம், திருத்தணி வழியாக ரயிலில் போய்ச் சேரலாம். அதன் அருகிலுள்ள சிற்றூரில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வருகின்றனர். 1881இல் தொடங்கியது என்பது வழங்கிவரும் செய்தி. வேட்டையில் அடிபட்ட சிறு விலங்கை இலைகளால் சுற்றிவைக்க, எலும்பு கூடியிருக்கக் கண்டார்கள் என்று கதை சொல்வார்கள். விரலால் தடவி முறிவை உணர்ந்து, இழுத்து நேராக்கி, மூலிகைப் பசையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டுவது அவர்கள் முறை. அவர்களிடம் கட்டிக்கொண்டு நலமடைந்து வந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அதை மறுப்பது நேர்மையாகாது. இடம் விலகாத எளிய முறிவு அசையாமல் இருந்தாலே பெரும்பாலும் தானாகக் கூடும். அதற்கேற்ப எலும்பை இறைவன் படைத்திருக்கிறான். கட்டுபவரின் கை அதற்குத் துணை செய்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழகத்தின் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் 'புத்தூர் கட்டு' என்று பலகை தெரியும். அவர்களுள் பலருக்கும் அந்த ஊருக்கும் தொடர்பே இல்லை. கட்டுபவர் எத்தனை எலும்பு அறிவார் என்று சோதிக்க அங்கே முஹ்தஸிப் இல்லை.

புத்தூர்க் கதை தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் வோல்க்மன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கை முறிவுக்கு இறுகக் கட்டுப் போட்டவர்களுள் சிலருக்கு விரல்கள் மடங்கி, பிறகு விரியாமலே போவதை அவர் கண்டார். எலும்பு கூடிவிட்டிருக்கும், கை மட்டும் பயனற்றுப் போயிருக்கும். அடிபட்ட இடம் வீங்குகிறது. வெளியே கட்டு இறுக்கமாக இருப்பதால் வீக்கம் உள்நோக்கி அழுத்துகிறது. தசைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுகிறது. ஆறு மணி நேரம் அப்படியே நீடித்தால் தசை மீளாச் சேதம் அடையத் தொடங்கிவிடும். பிறகு அது சுருங்கி நார்போலாகி விரல்களை உள்ளிழுத்துக்கொள்ளும். நாட்டுக் கட்டில் மட்டுமல்ல, மருத்துவமனையின் மாவுக் கட்டிலும் இது நேரலாம். அங்கே உடனே வெட்டித் திறக்க ஆள் இருப்பார் என்பதே வேறுபாடு. அந்த மாவுக் கட்டும் மேற்கத்தியரின் தனிச் சொத்தன்று. பத்தாம் நூற்றாண்டில் ஹிராத்தின் அபூ மன்ஸூர் முவஃப்பக் முறிவுக்கு ஜிப்சம் பூசச் சொன்னார். துருக்கிய ஆட்சிப் பகுதிகளில் முறிந்த காலைச் சுற்றி ஜிப்சத்தை வார்ப்பதை வில்லியம் ஈட்டன் என்னும் ஆங்கிலேயர் 1798இல் வெளியான தம் நூலில் எழுதினார். மாவு தோய்த்த துணியைச் சுற்றும் இன்றைய முறையை ஹாலந்து நாட்டு இராணுவ மருத்துவர் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் அமைத்தார்.

நம் மத்ரஸாவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தான். பக்கத்துச் சிற்றூர், எட்டோ ஒன்பதோ வயது. வலக்கையில் எழுத மாட்டான். முதலில் நாம் அது இடக்கைப் பழக்கம் என்றே எண்ணினோம். கிதாபைத் திறக்கச் சொன்னபோதுதான் அந்த வலக்கையைப் பார்த்தோம்: விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, பறவையின் கால் போல இருந்தன. வேலியிலிருந்து குதித்து முழங்கை முறிந்ததாம். கட்டுப் போட்ட அன்றிரவு முழுவதும் அழுதானாம். 'கட்டு பிடிக்குது, அப்படித்தான் இருக்கும்' என்று பெரியவர்கள் தேற்றினார்களாம். கட்டியவர் யார் என்று இங்கே எழுதுவதால் பயனில்லை. அந்த அழுகைதான் ஸஹ்ராவீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்த அடையாளம். அந்த வீட்டில் அதைப் படித்தவர் யாருமில்லை.

ஆகவே தாய்மார்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டு எதுவாக இருந்தாலும் சரி. நேரம் ஆக ஆக வலி கூடுகிறதா? விரல்களை நீங்கள் மெல்ல நீட்டினால் பிள்ளை அலறுகிறதா? விரல் நுனி மரத்து, வெளுத்து, அல்லது நீலம் பாய்ந்து இருக்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே கட்டு தளர்த்தப்பட வேண்டும். எலும்பு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலைக் கிழித்து எலும்பு வெளியே தெரியும் முறிவை எந்த நாட்டுக் கட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் வடியும்.

நாட்டு வைத்தியம் என்றாலே பின்தங்கியது என்று எழுதுபவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் ஆங்கிள்சி தீவில் கப்பல் உடைந்து கரையொதுங்கிய சிறுவன் ஒருவன் விலங்குகளின் எலும்பைச் சேர்த்துக் கட்டுவதில் கைதேர்ந்தவனானான் என்று சொல்வார்கள். அவன் வழியில் வந்தவர் எவன் தாமஸ். பட்டம் இல்லாமல் லிவர்பூலில் எலும்பு கட்டினார். மருத்துவர்கள் அவரை மீண்டும் மீண்டும் வழக்குமன்றத்துக்கு இழுத்தார்கள். அவர் தம் ஐந்து மகன்களையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) குடும்பக் கைத்திறனையும் கல்லூரிப் படிப்பையும் சேர்த்துத் தொடை முறிவுக்கு ஒரு பத்தை செய்தார். முதல் உலகப் போரில் குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்தவருள் ஐந்தில் நால்வர் இறந்துகொண்டிருந்தனர். அவருடைய மருமகன் முறையுள்ள ராபர்ட் ஜோன்ஸ் முயற்சியால் அந்தப் பத்தை போர்முனைக்குப் போனது. சாவு ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ பெரிய மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போனால் 'தாமஸ் ஸ்பிளின்ட்' என்ற பெயரை இன்றும் கேட்கலாம். கட்டுக்காரரின் பேரறிவு தேர்வெழுதிய பிறகு உலகத்துக்கே பயன்பட்டது.

செங்கல்பட்டு என்றதும் தசையைப் பற்றிய ஒரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் எலும்பு அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கல்பட்டு திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அவரைக் காக்ரேன் என்னும் மருத்துவர் அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கிக் கொக்கிபோலான நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றச் சொன்னார் பிராண்ட். வலுவற்றிருக்கும் என்று அவர் எண்ணிய அந்தக் கை, வலி தாங்க முடியாதபடி இறுக்கிற்று. அப்படியானால் முன்கையின் தசைகள் நன்றாகவே இருக்கின்றன. சில நரம்புகள் மட்டுமே செத்திருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றித் தைத்தால் விரல் விரியும் என்று கண்டு அவ்வாறே செய்தார். அதுவரை தொழுநோயாளியின் கையை ஓர் எலும்பு மருத்துவர் தொட்டுப் பார்த்ததே அரிது. சமயத்தால் அவர் நம்மவரல்லர். பிறர் தொட அஞ்சிய கையைத் தொட்ட அந்தப் பணியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். மடங்கிய விரல்கள் எல்லாம் மீளாதவை அல்ல என்பதும் நமக்கு அதிலிருந்து தெரிகிறது. மேற்சொன்ன பிள்ளையை அவன் தந்தை பின்னர் அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு விரல்கள் ஓரளவு விரிகின்றன, எழுதுகோல் பிடிக்கிறான்.

நம் வீடுகளின் முழங்கால்களைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிவாசலின் பின்வரிசையில் நாற்காலிகள் பெருகிவிட்டன என்று குறைபடுவோர் உண்டு. நபியவர்களே உட்கார்ந்து தொழுத நாட்களை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுத்தந்த சட்டம் தெளிவானது. இதைவிட நமக்குக் கவலை தருவது, வலியை வெளியே சொல்லாமல் அடுப்படியிலேயே தேய்ந்துபோகும் நம் தாய்மார்களின் முழங்கால். வீட்டுக்குள்ளேயே வாழ்வதால் வெயில் படாமல் உயிர்ச்சத்து 'டி' குறைந்து எலும்பு வலுவிழப்பது நம் பெண்களிடம் அதிகம். பிறர் பார்வை படாத மாடியிலோ முற்றத்திலோ சிறிது வெயில் காய்வதை எந்த மார்க்கச் சட்டமும் தடுக்கவில்லை. செயற்கை மூட்டு வைத்துக்கொள்வது இறைவனின் படைப்பை மாற்றுவதாகுமோ என்று சிலர் தயங்குகின்றனர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். ஆணுக்குத் தங்கம் ஹராம் என்றிருந்தும் அந்த அனுமதி. முழங்காலுக்குள் இருக்கும் உலோகத்தால் உளூவுக்கோ குளிப்புக்கோ எந்தத் தடையும் இல்லை. ஜெய்ப்பூரில் 1968ஐ ஒட்டிக் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் செய்த ரப்பர்க் கால், சம்மணமிட்டு அமரவும் குந்தவும் வளைவது. மேல்நாட்டுக் கட்டைக் காலோடு தரையில் அமர முடியாதிருந்தவருக்கு அது தொழுகையையும் எளிதாக்கியது.

செலவுக்கு அஞ்சி நாட்டுக் கட்டை நாடுவோரும் உண்டு. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. சாலை விபத்தானால், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட தொகை வரை அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அது பொருந்தும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அந்நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கட்டுப் போட்டவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது உளூவைப் பற்றித்தான். சிலர் கட்டு நனையுமே என்று வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். சிலர் உளூவுக்காகக் கட்டையே அவிழ்த்துவிட்டு எலும்பைக் கோணலாக்கிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. அலீ (ரலி) அவர்களின் மணிக்கட்டு எலும்பு முறிந்தபோது கட்டின் மேல் தடவச் சொல்லப்பட்டது என்று இப்னு மாஜாவில் உள்ள அறிவிப்பின் தொடர் பலவீனமானது. ஆயினும் வேறு ஆதாரங்களைக் கொண்டு மத்ஹபுகளின் இமாம்கள் இச்சலுகையை ஏற்றுள்ளனர். ஹனஃபீ மத்ஹபில், மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும். கட்டும்போது உளூ இருந்திருக்க வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதனுடன் தயம்முமும் செய்ய வேண்டும். தூய்மையில்லாத நிலையில் கட்டியிருந்தால் பிறகு அத்தொழுகைகளைத் திருப்பித் தொழுவது போன்ற விவரங்களும் உண்டு. அவற்றை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலுறைக்கு இருப்பதுபோல் இதற்கு நாள் கணக்கு இல்லை. ஆறு வாரமானாலும் மூன்று மாதமானாலும் எலும்பு கூடும்வரை மஸ்ஹு செல்லும். கூடிய பின் மருத்துவர் கட்டை அவிழ்த்ததும் மஸ்ஹு முறிந்துவிடும். அந்த இடத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த தொழுகைக்கு நிற்க வேண்டும்.